லாமா என்னும் சொல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே அமைந்தது மயிலிட்டி. கடற்றொழிலே உயிராகக் கொண்ட ஊர். சைவரும் கத்தோலிக்கரும் அயலயலாக வாழ்ந்து, கோயில் மணியையும் தேவாலய மணியையும் ஒரே காற்றிலே கேட்டு வளர்ந்த ஊர். இதன் கரையில் நின்று வடமேற்கே நோக்கின், கண்ணுக்கெட்டாத் தொலைவில், ஏறத்தாழ முப்பத்தைந்து மைலுக்கு அப்பால் கோடிக்கரை; அதற்கும் வடக்கே நாகபட்டினம். மேற்கே சில மைல் கரையோரமாகச் சென்றால் மாதகலும் சம்பில்துறையும் எதிர்ப்படும். அச்சம்பில்துறையே மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. தேவநம்பிய தீசன் காலத்தில் சங்கமித்தை போதிமரக் கிளையுடன் வந்திறங்கிய துறை அது என்பர்.

பௌத்தம் இக்கரைக்குப் புதியதன்று. கந்தரோடையில் 1917ஆம் ஆண்டு முதல் போல் பீரிஸ் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த சிறு தூபிகளும், 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனமும் அதற்குச் சான்று. கடலுக்கு அப்பால் நாகபட்டினத்திலே, சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் ஆட்சியில், சீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரை ஓங்கி நின்றது. எனினும், பௌத்தம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே இன்று வடகரை மக்களின் மனத்தில் எழுவது இப்பழைய நினைவன்று. காணியும் வேலியும் பற்றிய கவலையே பெரும்பாலும் எழுகின்றது. ஒரு சமயத்தின் பெயர் வரலாற்றினால் எவ்வாறெல்லாம் நிறம் மாறுகின்றது என்பதற்கு இதுவே போதிய எடுத்துக்காட்டு.

இவ்வாறு பெயரினாலே இடர்ப்பட்ட சமயங்களுள் ஒன்று திபெத்திய பௌத்தம். நீண்ட காலமாக அதனை உலகம் 'லாமா மதம்' என்றே வழங்கியது. ஆங்கில நூல்களைத் தழுவி எழுந்த தமிழ்ப் பாடநூல்களும் அவ்வாறே எழுதின. சீனர் பௌத்தர், சப்பானியர் பௌத்தர், சயாமியர் பௌத்தர். திபெத்தியர் மட்டும் லாமா மதத்தினர்! பிற நாட்டுப் பௌத்தங்களுக்கெல்லாம் நாட்டின் பெயரை அடையாகக் கொடுத்த அறிஞர், இதற்கு மட்டும் புத்தர் பெயரையே நீக்கிவிட்டனர்.

லாமா என்பது திபெத்திய மொழிச் சொல். வடமொழிக் 'குரு' என்ற சொல்லுக்கு நிகராக அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர் கையாண்ட சொல் அது. 'தனக்கு மேலாயவர் இல்லாதவர்' என்பது அதற்குக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று. துறவியர் எல்லாரும் லாமா அல்லர். மாணாக்கனுக்குத் தீக்கை அளித்து, மந்திரம் உபதேசித்து, வழிகாட்டும் தகுதி வாய்ந்தவரே லாமா எனப்படுவர். அவர் இல்லறத்தாராகவும் இருக்கலாம். ஆகவே 'லாமா மதம்' என்பதைத் தமிழிலே பெயர்த்தால் 'குருமதம்' என்றாகும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கு வந்த அயல்நாட்டான் ஒருவன், பூசை செய்யும் குருக்களையும், அவரை வணங்கி நிற்கும் அடியாரையும் கண்டு, 'யாழ்ப்பாணத்தார் சமயம் குருக்கள் மதம்' என்று எழுதிச் சென்றால், அதனைச் சைவர் எவ்வாறு கொள்வர்? சிவனும் இல்லை, முருகனும் இல்லை, ஆகமமும் இல்லை. குருக்களே எஞ்சி நிற்கின்றார். திபெத்தியருக்கு நேர்ந்தது இதுவே.

திபெத்தியர் தம் சமயத்தைத் தாம் என்னவென்று அழைக்கின்றனர்? புத்தரின் போதனை என்கின்றனர். சுருக்கமாகச் 'சோ' என்கின்றனர். 'சோ' என்பது தருமம் என்னும் சொல்லின் மொழிபெயர்ப்பு. மணிமேகலையைக் கற்றோர்க்கு இது வியப்பளிக்காது. அக்காப்பியமும் பௌத்தத்தை அறம் என்ற சொல்லாலேயே சிறப்பித்துப் பேசுகின்றது. பௌத்தரைத் திபெத்தியர் 'நங்பா' என்பர்; 'உள்ளிருப்போர்' என்பது அதன் பொருள். உள்ளிருப்போர் தமக்கு இட்ட பெயர் ஒன்றாகவும், வெளியிலிருந்து பார்த்தோர் இட்ட பெயர் வேறாகவும் அமைந்தது கவனிக்கத்தக்கது.

வெளிப்பெயர் பிறந்த வரலாறு சுவையானது. சீனத்தை ஆண்ட மஞ்சூரியப் பேரரசர் காலத்தில் 'லாமா சியாவ்', அதாவது லாமாக்களின் போதனை என்ற வழக்கு அரசியல் ஏடுகளில் இடம்பெற்றிருந்தது. மொங்கோலியரும் திபெத்தியரும் பேரரசின் எல்லைக் குடிகள். அவர்தம் துறவியரை ஆள்வது அரசியல் அலுவல். 1792ஆம் ஆண்டு சியென்லுங் பேரரசர் லாமாக்களைப் பற்றி ஒரு பிரகடனம் எழுதி, பீக்கிங் நகரத்து யுங்கோ ஆலயத்தில் சீனம், மஞ்சு, மொங்கோலியம், திபெத்தியம் ஆகிய நான்கு மொழிகளிலும் கல்லிற் பொறிப்பித்தார். லாமா என்ற சொல் சீனப் பௌத்த நூல்களில் இல்லை என்பதை எடுத்துக்காட்டி, அதன் பொருளை ஆராய்ந்து, லாமாக்களைத் தாம் ஆதரிப்பது மொங்கோலியரை அமைதிப்படுத்துவதற்கே என்பதையும் அவர் மறைக்காது எழுதினார். அரசன் ஒருவன் தன் சமயக் கொடையின் அரசியற் காரணத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லில் வெட்டியது அரிது.

ஐரோப்பிய மொழிகளில் இச்சொல் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வேரூன்றியது. உருசியப் பேரரசி கத்தரீனின் ஆதரவில் பயணம் செய்த ஜெர்மானிய இயற்கையறிஞர் பீட்டர் சைமன் பல்லாஸ், கல்மூக்கியரிடையே கண்ட சமயத்தைக் குறிக்க அதனைக் கையாண்டார். பின்னர் தத்துவ ஆசிரியர் எகெலின் விரிவுரைகளிலும் அது புகுந்தது.

அதற்கும் முன்னரே திபெத்தை அடைந்த ஐரோப்பியர் கத்தோலிக்கக் குருமார். இங்கே யாழ்ப்பாண வரலாறும் திபெத்திய வரலாறும் ஒரே துறைமுகத்திலே சந்திக்கின்றன. 1619இல் பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, சங்கிலி மன்னனைக் கோவைக்கு அனுப்பினான். அங்கே அம்மன்னன் கொல்லப்பட்டான். (தமிழகத்துக் கோயம்புத்தூர் அன்று, போர்த்துக்கேயரின் கோவா நகரமே முன்னோர் ஏடுகளிற் கோவை எனப்பட்டது.) அதே போர்த்துக்கேய ஆட்சியின் நிழலில் பணியாற்றிய இயேசு சபைக் குரவர் அந்தோனியோ தெ அந்திராதே, இமயத்துக்கு அப்பால் கிறித்தவர் வாழ்கின்றனர் என்ற வதந்தியை நம்பி, 1624இல் பனிமலைகளைக் கடந்து மேற்குத் திபெத்தின் சபராங் நகரை அடைந்தார். கிறித்தவரை அவர் காணவில்லை, லாமாக்களைக் கண்டார். அவர் எழுதிய செய்தி 1626இல் லிஸ்பனில் அச்சேறியது. நல்லூரில் கோயிலை இடித்த அரசு, சபராங்கில் கோயில் கட்ட அரசனிடம் அனுமதி பெற்று நின்றது. படை செல்லும் தூரமே வேறுபாடு.

அவருக்குப் பின் வந்தவருள் தலையாயவர் இத்தாலியர் இப்பொலித்தோ தெசிதேரி. 1716இல் இலாசா நகரை அடைந்து, சேரா மடத்தில் துறவியரோடு இருந்து திபெத்திய தருக்க நூல்களைக் கற்று, மறுபிறப்புக் கொள்கையை மறுத்துத் திபெத்திய மொழியிலேயே நூல் எழுதினார். மறுக்க வந்தவராயினும் கற்றபின்னரே மறுத்தார். 1721இல் உரோமாபுரியின் ஆணைப்படி திபெத்தை விட்டு நீங்கிய அவர் வந்து சேர்ந்த இடம் எது? தமிழ்நாடு. 1726இல் புதுச்சேரியை அடைந்து, அங்கே தமிழ் கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தாயகம் திரும்புகையில், ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட அருளானந்தரை, அதாவது யோவான் தெ பிரித்தோவை, புனிதர் வரிசையிற் சேர்ப்பதற்குரிய ஆவணங்களையும் எடுத்துச் சென்றார். திபெத்தியமும் தமிழும் அறிந்த அவ்வறிஞரின் திபெத்திய வரலாறு நூற்றைம்பது ஆண்டுக்காலம் ஏட்டுச்சுவடியாகவே மறைந்து கிடந்தது. அது காலத்தில் அச்சேறியிருப்பின், திபெத்தைப் பற்றிய ஐரோப்பிய அறிவு வேறு வழியிற் சென்றிருக்கும்.

சென்ற வழியோ வேறு. 1895இல் இலண்டனில் வெளிவந்தது உலோரன்ஸ் வாடெல் என்பவரின் பெருநூல். 'திபெத்தின் பௌத்தம் அல்லது லாமா மதம்' என்பது அதன் தலைப்பு. வாடெல் ஆங்கிலேய இந்தியப் படையின் மருத்துவ அதிகாரி, தார்ஜிலிங்கில் பணியாற்றியவர். கிரியைகளை நுணுகி அறியும் பொருட்டு ஒரு லாமாக் கோயிலையே பொருள்களோடு விலைக்கு வாங்கி, அங்கிருந்த குருமாரைக் கொண்டு ஒவ்வொன்றாக விளக்கம் பெற்றார். அக்குருமாரோ, மேற்றிசையினின்று வருவார் என்று தம் நூல்கள் கூறிய அமிதாப புத்தரின் அவதாரமே இவர் என்று எண்ணிக் கிரியைகளின் மறைபொருளை வெளிப்படுத்தினர். அந்நம்பிக்கையாற் பெற்ற செய்திகளைக் கொண்டே, இச்சமயம் பேய் வழிபாட்டின் மீது பூசிய மெல்லிய பௌத்தப் பூச்சு என்று வாடெல் எழுதினார். விருந்துண்ட வீட்டையே பழித்துரைத்தது போன்றது இது. ஆயினும் நூலிலுள்ள விவரங்கள் செறிவானவை. அரை நூற்றாண்டு காலம் அதனை விட்டால் வேறு கதியில்லை என்னுமளவுக்கு அறிஞர் அதனைப் பயன்படுத்தினர். விவரங்களோடு பெயரும் நிலைத்தது.

அப்பெயருக்குப் பின்னால் ஐரோப்பாவின் உள்வீட்டுச் சண்டை ஒன்றும் மறைந்திருந்தது. சீர்திருத்தக் கிறித்தவராகிய ஆங்கிலேயர், தூய வேத நூலைக் குருமார் கிரியைகளால் மூடிவிட்டனர் என்று உரோமன் கத்தோலிக்கத்தைக் குறைகூறி வந்தனர். பாளி நூல்களிலே தாம் கண்ட புத்தரைப் பகுத்தறிவுச் சான்றோராகவும், திபெத்தியத் துறவியரின் மணியையும் செபமாலையையும் தூபத்தையும் அங்கியையும் உரோமச் சபையின் மறுபதிப்பாகவும் அவர்கள் கருதினர். 'லாமா மதம்' என்ற சொல் இவ்விரு பழிகளையும் ஒருங்கே சுமந்தது. 1998இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் தொனால்ட் உலோப்பஸ். திபெத்தில் நூற்றெட்டு மணி கோத்த மாலையை உருட்டும் மூதாட்டியைக் கண்டு இலண்டன் அறிஞர் முகஞ்சுளித்தார்; மயிலிட்டியிலே காணிக்கை மாதா முன்னிலையில் செபமாலை சொல்லும் தாயும், உருத்திராக்கம் அணிந்த அவள் அயல்வீட்டுக் கிழவரும் அதிலே சுளிப்பதற்கு எதனையும் கண்டிரார்.

உண்மையில், திபெத்திய பௌத்தத்தை விளங்கிக்கொள்ள இலண்டனைவிட யாழ்ப்பாணமே ஏற்ற இடம். தீக்கையின்றி மந்திரம் இல்லை, குருவின்றித் தீக்கை இல்லை என்பது சைவருக்கு எடுத்துரைக்க வேண்டிய செய்தியன்று. சைவ ஆகமங்களுக்குத் தந்திரம் என்றும் பெயர் உண்டு. திருமூலர் தம் நூலை ஒன்பது தந்திரங்களாகவே வகுத்தார். முத்திரை, நியாசம், மண்டலம், கையில் ஏந்தும் மணி, தேவதையைத் தன்னுள் பாவித்துப் பூசித்தல் ஆகிய யாவும் இரு நெறிக்கும் பொதுவான மொழி. கொள்கை வேறு: சைவர் பதியை நிலைநாட்டுவர்; பௌத்தர் சூனியத்தை நிலைநாட்டுவர். இவ்வேறுபாடு பெரியது, மறைக்கவும் கூடாதது. ஆனால் குருவை வணங்குவதனால் ஒரு சமயம் தன் மூலத்தினின்று வழுவிவிட்டது என்ற வாதம் சைவரிடம் எடுபடாது.

இந்நெறிக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு பலரும் எண்ணுவதினும் நெருக்கமானது. மந்திர பௌத்தத்தைச் சீனத்திற் பரப்பிய ஆசிரியருள் முதல்வராகிய வச்சிரபோதி (671–741) தென்னாட்டினர்; காஞ்சியிலே பல்லவன் இராசசிம்மனின் மதிப்பைப் பெற்றவர். அவர் கடல் கடந்து இலங்கைக்கு வந்து, அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஆறு திங்கள் தங்கி, தந்த தாதுவை வணங்கி, மலையேறித் திருவடிச் சுவட்டையும் தொழுதார். (அம்மலையைச் சைவர் சிவனொளிபாதம் என்பர், பௌத்தர் சிறீபாதம் என்பர், முசிலிம்களும் கிறித்தவரும் ஆதம் பெயரால் அழைப்பர், பாதச்சுவடோ ஒன்றே.) பின்னர் இலங்கையினின்றே மரக்கலமேறிச் சீனம் சென்றார். அவர் மாணாக்கர் அமோகவச்சிரர், ஆசிரியர் மறைந்தபின் 741இல் நூல் தேடி மீண்டும் இலங்கைக்கு வந்து, 746இல் ஏறத்தாழ ஐந்நூறு நூல்களோடு சீனம் திரும்பினார்.

அபயகிரியின் இடிபாடுகளிடையே வடமொழித் தாரணி மந்திரங்கள் பொறித்த கற்கள் கிடைத்துள்ளன. ஆனால் மகாவிகாரை மரபினர் இந்நெறியை விரும்பவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த நிகாய சங்கிரகம் என்னும் சிங்கள நூல், முதலாம் சேனன் காலத்தில் 'வாஜிரிய வாதம்' இலங்கையிற் புகுந்ததெனக் கூறி, அதனைப் பொய்நெறிகளுள் ஒன்றாகச் சேர்க்கின்றது. 'வச்சிரயானம்' என்று உள்ளிருப்போர் பெருமையோடு கூறிய பெயர், வெளியிருந்தோர் ஏட்டில் குற்றப்பெயராக மாறியது. வாடெலுக்கு ஐந்நூறு ஆண்டு முன்னரே, இலங்கையில் இக்கதை ஒருமுறை நடந்து முடிந்திருந்தது.

இலங்கை துறந்ததைத் திபெத்து காத்தது. இலங்கையிற் பிறந்து, வட இந்தியாவின் விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்தில் தந்திர ஆசிரியராக விளங்கிய சயபத்திரர் என்பவர், சக்கரசம்வர தந்திரத்துக்கு எழுதிய உரை திபெத்திய நூற்றொகுதியில் இடம்பெற்றுள்ளது. அதனினும் வியப்பானது வேறொன்று. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆனந்தசிறீ என்னும் இலங்கைப் பிக்கு திபெத்துக்குச் சென்று, நிமா கியால்சென் என்ற அந்நாட்டு அறிஞரின் துணையுடன் பதின்மூன்று பாளி நூல்களைத் திபெத்திய மொழியில் பெயர்த்தார். புத்தர் முதன்முதல் அறவாழி உருட்டிய பேருரையும் அவற்றுள் ஒன்று. அவை இன்றும் திபெத்தியரின் திருமுறையாகிய கஞ்சூரில் உள்ளன. புத்தரின் போதனையைவிட்டு விலகியது என்று பழிக்கப்பட்ட சமயம், இலங்கைப் பௌத்தரின் பாளி நூல்களைத் தன் திருமுறைக்குள்ளேயே அறுநூறு ஆண்டுக்கு மேலாகப் போற்றி வருகின்றது.

தமிழோடும் அதற்கு ஓர் உறவுண்டு. ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மலயமலைக்கு அருகே போதலகம் என்ற மலையில் அவலோகிதர் எழுந்தருளியிருப்பதாகவும், அதற்கு வடகிழக்கேயுள்ள கடற்றுறையினின்று இலங்கைக்குக் கலமேறுவர் என்றும் கூறுகின்றார். அப்போதலகம் பொதியில் மலையே என்று கொள்ளும் அறிஞர் உளர். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்கின்றது. பொதியில் முனிவருக்குத் தமிழறிவித்தவர் எவரோ, அவருடைய அவதாரமாகவே தலாய் லாமாவைத் திபெத்தியர் போற்றுகின்றனர். 1645இல் ஐந்தாம் தலாய் லாமா இலாசாவில் எழுப்பத் தொடங்கிய அரண்மனைக்குப் போதலா என்று பெயரிட்டதும் அம்மலையை நினைந்தே. தலாய் என்பதோ மொங்கோலியச் சொல். கடல் என்பது பொருள். 1578இல் அல்தான் கான் என்னும் மொங்கோலியத் தலைவன் சோனம் கியாற்சோ என்ற துறவிக்கு அளித்த பட்டத்தினின்று அது வந்தது. மொங்கோலியச் சொல்லும் திபெத்தியச் சொல்லும் தென்னாட்டு மலையின் பெயரும் ஒரே மனிதரிடத்தே கூடியிருக்கின்றன.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் இத்தொடர்பு அறுந்துவிடவில்லை. இராமேசுவரத்தை அடுத்த இந்திரலிங்கம் என்னும் ஊரிற் பிறந்து, நாத யோகியாய்த் தொடங்கிப் பௌத்த தந்திரம் பயின்ற புத்தகுப்தநாதர், கடலும் நிலமும் கடந்து முதுமையில் திபெத்தை அடைந்தார். 1590ஆம் ஆண்டளவில் அவரிடம் உபதேசம் பெற்ற இளந்துறவியே பின்னர் 1608இல் இந்திய பௌத்த வரலாற்றை எழுதிய தாரநாதர். ஆசிரியரின் பயணங்களையும் அவர் எழுதி வைத்தார். இத்தாலிய அறிஞர் துச்சி 1931இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். சேதுக்கரையிற் பிறந்த ஒருவர் லாமாவுக்கு லாமாவாக, அதாவது குருவுக்குக் குருவாக, விளங்கினார்.

1959 மார்ச்சில் பதினான்காம் தலாய் லாமா இலாசாவை விட்டு இந்தியாவுக்கு வந்தார். பல்லாயிரவர் அவரைத் தொடர்ந்தனர். தெசிதேரி கற்ற சேரா மடம் இன்று கருநாடகத்துப் பைலகுப்பையில் மீண்டும் எழுந்து நிற்கின்றது. நாட்டை இழந்தோருக்குப் பெயர் சிறு பொருளன்று. லாமாக்கள் புனைந்த மதம் என்ற பேச்சினைத் தலாய் லாமா 1960களில் வெளிவந்த தம் நூலொன்றிலேயே மறுத்து, தம் நெறியின் ஒவ்வொரு கூறும் இந்திய ஆசிரியரிடமிருந்து வந்ததே என்று நிறுவினார். புத்தரை நீக்கிய பெயர், உலகின் பார்வையில் அவர்களை ஒரு பெரிய சமயத்தின் மக்களாகக் காட்டாமல், மலைநாட்டு விந்தையாகக் காட்டியது. பின்வந்த அறிஞர் அச்சொல்லை மெல்ல மெல்லக் கைவிட்டுத் திபெத்திய பௌத்தம் என்றே எழுதலாயினர்.

பெயரிழப்பின் சுவையை மயிலிட்டியும் அறியும். 1990 ஜூனில் ஊர் முழுவதும் பெயர்ந்தது. அதன்பின் அரச ஏடுகளில் அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயம். அதன் மக்கள் நலன்புரி நிலையத்து இடம்பெயர்ந்தோர். இருபத்தேழு ஆண்டுக்குப் பின், 2017 ஜூலையில், துறைமுகமும் அதனைச் சூழ்ந்த ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டபோது, பிறந்த ஊரை முன்பு பாராத பிள்ளைகளும் தம்மை மயிலிட்டியார் என்றே கூறிக்கொண்டு வந்து இறங்கினர்.

இலங்கையிலே வாழ்ந்த திபெத்திய மரபினர் ஒருவரை இங்கே குறிப்பிடாதிருத்தல் தகாது. 1901இல் சிக்கிம் நாட்டிற் பிறந்து, இளமையிலேயே இலங்கைக்கு வந்து பிக்குவாகி, சிங்கள மொழியில் விடுதலைப் பாக்கள் இயற்றிய மகிந்த தேரரே அவர். தாய்மொழியல்லாத மொழியில் அவர் எழுதிய குழந்தைப் பாடல்களைச் சிங்களச் சிறுவர் பள்ளியிற் பாடினர். சுதந்திரம் வந்த மூன்றாம் ஆண்டு, 1951 மே மாதத்தில், அவர் காலமானார். தம் பெயரின் முன்னே சிக்கிம் என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்தையே அவர் எழுதி வந்தார். நாட்டு மக்களோ அவரைத் திபெத்து மகிந்த தேரர் என்றே அழைத்தனர்.